பழைய வண்டியும் புதிய வில்லும்



நான்கு சக்கரங்களும் இயந்திரத்தின் விசையால் சுழலக்கூடிய வண்டி எதுவாயினும், அதை ‘ஜீப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க இராணுவத்துக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட வில்லிஸ் வண்டிக்கு வழங்கிய பெயர் அது. போர் முடிந்த பின்னர், பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தார் அவ்வண்டியை நம் நாட்டிலேயே பொருத்தித் தரத் தொடங்கினர். 1985-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி நிறுவனத்தின் ஜிப்ஸி வந்தது. இராணுவத்திலும், காவல் துறையிலும், காட்டிலாகாவிலும், தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் இவ்வண்டிகள் பல்லாண்டு உழைத்தன. 2019-இல் ஜிப்ஸியின் பொது விற்பனை நின்றது. ஆயினும் பழைய வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரிடம் இத்தகைய வண்டி ஒன்று இருக்கக் காணலாம். குடகில் தோட்டம் பார்ப்பவர், அருணாசலத்தில் அணைக்கட்டு வேலையில் இருப்பவர், வேலையின் நிமித்தம் லடாக் வரை சென்று வருபவர், பெங்களூரிலோ புனேயிலோ வாரம் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு ஓய்வு நாளில் மலையேற விரும்புபவர் என்று அவர்கள் பலவகைப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இதன் சஸ்பென்ஷனை மாற்றிச் செம்மை செய்யலாமா?’

செய்யலாம். பணம் வீணாகாமலும், உயிருக்கு ஆபத்து நேராமலும் செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு முறையும் ஒரு வரிசையும் உண்டு. முதலில், பழுதுபட்டதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதாக, வண்டி சுமக்கும் பாரம் எவ்வளவு என்று அறிய வேண்டும். அதன் பின்னரே புதிய உறுப்புகளை நாட வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் செலவும் தொல்லையும் பெருகுகின்றன. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை உயர்த்துவது வேறு. வண்டியை மேம்படுத்துவது வேறு. இவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பட்டறைகளிலும் வண்டிப் பிரியர்களிடமும் பரவலாக இருக்கிறது. அதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நின்று, சாலையின் மேடு பள்ளங்களைத் தான் வாங்கிக்கொள்ளும் அமைப்பு. அதில் இரண்டு உறுப்புகள் முக்கியமானவை. ஒன்று, பாரத்தைத் தாங்கும் வில், அதாவது ஸ்பிரிங். மற்றொன்று, வில்லின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்ஸார்பர். வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி ஊஞ்சலைப்போல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கப்பட்டுச் செல்லும்போது, அந்த ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறித் தணிகிறது. ஆகவே அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில். அடங்காத ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்ஸார்பர். பெயரைப் பார்த்து நாம் இவ்விரண்டின் வேலையையும் மாற்றி நினைத்துவிடக் கூடாது.

ஜிப்ஸியிலும் பழைய ஜீப்புகளிலும் முன்னும் பின்னும் இருப்பவை பட்டை வில்கள். நீளமும் வளைவும் வேறுபட்ட எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஒரு போல்ட்டால் இணைத்து, யூ போல்ட்டுகளால் அச்சோடு பிணைத்திருப்பார்கள். வடநாட்டுப் பட்டறைகளில் இதற்குக் ‘கமானி’ என்று பெயர். இந்த எளிய உறுப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது. அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் அதனைத் தன் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், ஆட்டத்தையும் ஓரளவு தணிக்கிறது. மூன்று ஆட்களின் வேலையை ஓர் ஆள் செய்வதுபோலத்தான். ஒன்றை மாற்றப் போனால் மற்ற இரண்டும் மாறிவிடும் என்பதை மறத்தலாகாது.

இனி, இவ்வண்டிகள் ஏன் இப்படித் தூக்கிப் போடுகின்றன என்பதைப் பார்ப்போம். ஜிப்ஸி ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி. அது சுமக்க வேண்டிய பாரமோ 500 கிலோ. தன் எடையில் பாதியைக் கூடுதலாகச் சுமக்க வேண்டிய வண்டிக்கு, அந்தப் பாரத்தோடும் படிந்துவிடாத உறுதியான வில்லைத்தான் அமைக்க முடியும். அந்த வண்டியில் ஒருவர் மட்டும் அமர்ந்து அலுவலகம் சென்றால், வில்லுக்கு அந்தப் பாரம் போதுவதில்லை. அது அமுங்க மறுத்து, சாலையின் அடியை நேரே முதுகெலும்புக்கு அனுப்புகிறது. பின்புறத்தில் எதிரெதிராக அமைந்த பலகை இருக்கைகள் பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால், அங்கே அமரும் முதியோரும் குழந்தைகளும் படும் வேதனை இன்னும் அதிகம்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அதைப் பொறுத்து அது ஆடும் வேகம் அமைகிறது. 25 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும் வில் வினாடிக்கு ஒரு முறை ஆடும். 6 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கும் வில் வினாடிக்கு இரண்டு முறை ஆடும். அமுக்கம் குறையக் குறைய ஆட்டத்தின் வேகம் கூடும். வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல் கீழ் அதிர்வுகளே அமர்ந்திருக்கும் மனித உடலை மிகுதியாக வருத்துபவை என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். துருப்பிடித்து இறுகிப்போன பட்டைகள் சிறு மேடுகளில் அமுங்குவதே இல்லை. அப்போது டயர் மட்டுமே வில்லாக வேலை செய்கிறது. பயணிகளை வருத்தும் அந்த வேகமான அதிர்வு அதனால்தான் பிறக்கிறது. பழைய வண்டியின் குற்றம் என்று நாம் நினைப்பதில் பெரும் பகுதி, உண்மையில் துருவின் குற்றம்.

ஆகையால், எந்தப் புதிய பொருளையும் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளத்தல். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்தும் மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி காலியாக இருக்கும்போது ஒரு முறையும், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமான்களோடும் ஒரு முறையும் அளக்க வேண்டும். இடப்புறமும் வலப்புறமும் வேறுபட்டால், ஏதோ ஒரு வில் தளர்ந்தது அல்லது ஒரு பட்டை முறிந்தது என்று அறியலாம். இந்தத் தாள் பின்னர் பட்டறைக்காரரோடு பேசும்போது மிகவும் பயன்படும்.

இரண்டாவது, டயர். சாலையை முதலில் தொடும் வில் டயரில் உள்ள காற்றுத்தான். வண்டியின் தகட்டிலோ கையேட்டிலோ குறித்துள்ள அளவுக்கு மேல் காற்று அடைப்பது பலருடைய வழக்கம். அந்தக் காற்றைச் சரியான அளவுக்குக் குறைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு. செலவில்லாத வைத்தியம் இது. பத்து ஆண்டுகளாகக் கிடந்து கல்லைப்போல் கெட்டியான டயர்களை, அவற்றின் கட்டை தேயவில்லை என்பதற்காக வைத்துக்கொண்டிருப்பதும் தவறு.

மூன்றாவது, ரப்பர் புஷ்கள். வில்லின் இரு முனைகளிலும் உள்ள கண்களிலும், ஒரு முனையைத் தாங்கும் ஷாக்கிள் என்ற தொங்குபட்டையிலும் இவை இருக்கின்றன. இவை தேய்ந்தால் வண்டி தடதடவென்று ஒலிக்கும். நேரே போகாமல் அலையும். புதிய புஷ்களைப் போட்டபின், அவற்றின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கிவிடக் கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை வில்லின்மேல் இறங்கிய பின்னரே முறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துபோகும். ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன புஷ்களும் கிடைக்கின்றன. அவை நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிர்வைச் சற்று மிகுதியாகக் கடத்தும். சௌகரியத்தை விரும்புவோருக்கு நல்ல ரப்பரே போதுமானது.

நான்காவது, பட்டைகள். வில்லைக் கழற்றிப் பிரித்து, துருவைத் தேய்த்து நீக்கி, ஒவ்வொரு பட்டையையும் பார்க்க வேண்டும். முறிவு பெரும்பாலும் நடு போல்ட்டின் துளையருகே மறைந்திருக்கும். தளர்ந்த பட்டைகளை உலையிலோ வாயு விளக்கிலோ சூடேற்றி வளைத்துத் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள். அதற்கு உடன்படாதீர்கள். வில்லின் உயிர் அதன் எஃகுக்கு ஊட்டப்பட்ட பதத்தில் இருக்கிறது. சூடேற்றியபின் முறைப்படி பதம் ஊட்டாவிட்டால் அது வெறும் இரும்புப் பட்டையாகிவிடும். சூடின்றிச் சம்மட்டியால் தட்டி வளைத்தாலும் சில மாதங்களில் மீண்டும் தளரும். வில் மிகவும் தளர்ந்துவிட்டதென்றால், அதே அளவுள்ள புதிய வில்லை வாங்குவதே முடிவில் சிக்கனமாகும். கழற்றிய யூ போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியன போட வேண்டும். ஒரு முறை முறுக்கி இழுபட்ட போல்ட் மறுமுறை அதே பிடிப்பைத் தராது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அவற்றை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது அவசியம்.

ஐந்தாவது, ஷாக் அப்ஸார்பர்கள். வண்டியின் மூலையைக் கையால் அமுக்கிப் பார்ப்பது சிறு கார்களுக்கு ஏற்ற சோதனை. விறைப்பான பட்டை வில் உள்ள வண்டியில் அதனால் அதிகம் தெரியாது. எண்ணெய் கசிந்த கறை, வளைந்த தண்டு, தேய்ந்த ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு வேகத்தடையைக் கடந்தபின் வண்டி ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா என்று கவனியுங்கள். மாற்றும்போது ஓர் அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இந்த ஐந்தையும் முடித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ‘இதுவே போதும்’ என்று பலர் மகிழ்ந்து நின்றுவிடுவார்கள் என்பது என் கருத்து. போதாது என்போருக்கு, மேற்கொண்டு என்ன வழிகள் உண்டு என்பதையும் ஆராய்வோம்.

முதல் வழி, வாயு நிரப்பிய ஷாக் அப்ஸார்பர். நீண்ட நேரம் கரடுமுரடான பாதையில் ஓடும்போது, சாதாரண ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைத்துவிடுகிறது. நுரைத்த எண்ணெய் துளைகளில் தடையின்றிப் புகுவதால் அடக்கும் திறன் குறைந்துபோகிறது. நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு நிரப்பினால் இந்த நுரைப்பு தடைபடுகிறது. லடாக்கிலும், கட்ச் பகுதியிலும், இராஜஸ்தானத்தின் மண் சாலைகளிலும் அலை அலையாக வரிமேடுகள் இருக்கும். அத்தகைய இடங்களில் வாழ்வோருக்கு இச்செலவு தகும். நகரத்தில் மட்டும் ஓட்டுவோருக்கு இதனால் காணும் வேறுபாடு சிறிதே.

இரண்டாம் வழி, பரவளைவுப் பட்டை வில். பாரபோலிக் ஸ்பிரிங் என்று கடைகளில் கேட்கலாம். இதில் ஒவ்வொரு பட்டையும் நடுவில் தடித்து முனைகளை நோக்கி மெலிந்து வரும். பட்டைகளின் எண்ணிக்கை குறைவு. அவை முழுநீளமும் உராயாமல், நடுவிலும் முனைகளிலும் மட்டுமே தொடும். உராய்வு குறைவதால் சிறு மேடுகளிலும் வில் தயங்காமல் அசைகிறது. பயணம் கண்கூடாக மென்மை பெறுகிறது. ஆனால் முன்னர் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்று, அதாவது உராய்வினால் ஆட்டத்தைத் தணிக்கும் வேலை, இங்கே பெரும்பாலும் போய்விடுகிறது. அந்தக் குறையை ஷாக் அப்ஸார்பர் ஈடு செய்தாக வேண்டும். ஆகவே இந்த வில்லுக்கு ஏற்ற ஷாக் அப்ஸார்பரையும் சேர்த்தே வாங்க வேண்டும். வில்லை மட்டும் மாற்றிவிட்டு ‘வண்டி மிதக்கிறது’ என்று குறைகூறுவது நியாயமன்று.

மூன்றாம் வழியாகப் பலர் சொல்வது, அடுக்கிலிருந்து ஒரு பட்டையை உருவிவிடுதல். செலவற்ற வழி என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். வண்டி மென்மையாவது உண்மைதான். ஆனால் மீதிப் பட்டைகள் ஒவ்வொன்றும் கூடுதலான பாரத்தை ஏற்கின்றன. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நாக்பூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே புறப்படும் நாளில்தான் அதன் விளைவு தெரியும். அச்சைப் பிடித்து நிறுத்துவது முதற்பட்டை. அது முறிந்தால் அச்சு இடம் பெயரும். ஸ்டியரிங்குக்கு வண்டி கட்டுப்படாது. ஆண்டில் 350 நாள் கிடைக்கும் சிறு சௌகரியத்துக்காக, மனைவி மக்களோடு பிரயாணம் செய்யும் மீதி 15 நாளைப் பணயம் வைக்கலாமா என்பதை அவரவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் வழி, பட்டை வில்லை எடுத்துவிட்டுச் சுருள் வில்லை வைப்பது. லாண்ட் ரோவர் நிறுவனத்தார் 1970-இல் தங்கள் ரேஞ்ச் ரோவர் வண்டியிலும், 1983-இல் தங்கள் உழைப்பு வண்டியிலும் சுருள் வில்லுக்கு மாறினர். ஜிப்ஸியின் வழித்தோன்றல் என்று சொல்லத்தக்க ஜிம்னி, 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது சுருள் வில்லோடுதான் வந்தது. அதைக் கண்டு, பழைய வண்டிக்கும் அப்படியே செய்யலாம் என்ற ஆசை எழுகிறது. ஆனால் சுருள் வில் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சைப் பிடித்து நிறுத்தாது. அதற்கெனத் தனியே இரும்புக் கைகளையும் தண்டுகளையும் அமைத்து, அவற்றுக்கான தாங்கிகளை வண்டியின் அடிச்சட்டத்தில் பற்றவைக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில் பொறியியலார் பலகாலம் கணக்கிட்டும் சோதித்தும் அமைப்பதை, ஒரு பட்டறையில் கண்ணளவில் அமைப்பது விவேகமாகாது. அந்தப் பற்றவைப்பு ஒன்றே ஒன்று மலைச்சரிவில் விட்டுப்போனாலும் போதும். மேற்கொண்டு விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது உயரத்தின் பக்கம் வருவோம். சஸ்பென்ஷனை மாற்றுவது என்றாலே வண்டியை இரண்டு அங்குலமோ நான்கு அங்குலமோ தூக்கி நிறுத்துவது என்றுதான் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். கற்களும் பள்ளங்களும் நிறைந்த பாதையில் வண்டியின் அடிப்புறம் இடிக்காமல் இருக்க உயரம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓர் உண்மை மறைந்துபோகிறது. ஜிப்ஸி போன்ற வண்டிகளில் அச்சு ஒரே கட்டையாக இரு சக்கரங்களையும் இணைக்கிறது. அதன் நடுவே பானைபோல் தொங்கும் டிஃபரென்ஷியல் கூடுதான் தரைக்கு மிக அருகில் இருப்பது. வில்லோ அச்சோடு பிணைந்து நின்று வண்டியின் உடலைத் தாங்குகிறது. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் உயருமே தவிர, அந்தக் கூடு ஒரு நூலளவும் உயராது. ஜிப்ஸியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். நான்கு அங்குலம் தூக்கிய ஜிப்ஸிக்கும் அதே டயரோடு அதே 210 மில்லிமீட்டர்தான். பாதை நடுவில் கிடக்கும் கல் தூக்காத வண்டியை எங்கே இடிக்குமோ, அங்கேயே தூக்கிய வண்டியையும் இடிக்கும். ஏற்றத்தின் தொடக்கத்திலும் இறக்கத்தின் முடிவிலும் முன் பம்பரோ பின் பம்பரோ தட்டாமல் இருக்க மட்டுமே அந்த உயரம் உதவும். சுருள் வில்லுக்கு மாறிய ஜிம்னியின் தரை இடைவெளியும் அதே 210 மில்லிமீட்டர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பயணத்தை மென்மையாக்க அதைச் செய்தவர்கள் உயரத்தை நாடவில்லை.

உயரத்துக்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வளைவில் வண்டி கவிழாமல் நிற்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது: இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒன்று, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம் மற்றொன்று. அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் வருவது வண்டியின் நிலைப்புக்கு ஓர் அளவுகோல். எடுத்துக்காட்டாக, அகலம் 130 சென்டிமீட்டர், எடை மையத்தின் உயரம் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை 1. வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தி, எடை மையமும் 70 சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால் விடை 0.93. நூற்றுக்கு ஏழு பங்கு நிலைப்பு போயிற்று. அதன்மேல் கூரைச் சட்டத்தில் பெட்டிகளையும் ஏற்றினால் இன்னும் குறையும். ஜிப்ஸியைச் செய்தவர்களே 1993-இல் அதன் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டி, அகன்ற வண்டியாக வெளியிட்டார்கள். அவர்கள் அகலத்தில் ஈட்டிய உறுதியை நாம் உயரத்தில் இழப்பது அறிவுடைமை ஆகுமா?

வேறு விளைவுகளும் உண்டு. உடல் உயரும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, யுனிவர்ஸல் ஜாயின்ட்டுகள் விரைவில் தேய்கின்றன. பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய், அச்சு முழுவதும் தொங்கும் வேளையில் இழுபட்டு அறுந்துபோகலாம். பழைய ஷாக் அப்ஸார்பர் நீளம் போதாமல் தன் எல்லையில் நின்று கிழிபடுகிறது. நீண்ட ஷாக்கிளைப் போட்டு உயர்த்துவோர், 5 சென்டிமீட்டர் நீட்டினால் 2½ சென்டிமீட்டர் அளவுக்குத்தான் உயரம் கிடைக்கும் என்பதை அறிவதில்லை. அதோடு அச்சு சற்றே திரும்பிவிடுவதால் முன்சக்கரங்களின் சாய்கோணம் மாறி, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானே நேராகும் குணத்தை இழக்கிறது. முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. ஒன்றை மாற்றினால் பத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. தேய்ந்த புஷ்ஷையோ ஷாக் அப்ஸார்பரையோ புதுப்பிப்பது பராமரிப்பு; அடிச்சட்டத்தை வெட்டுவதும் பற்றவைப்பதும் வண்டியின் அமைப்பையே மாற்றுவதாகும். இடைப்பட்டவற்றுக்கு, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு அறிவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக் காலத்தில் இழப்பீடு பெறுவதற்கு இடையூறாக நிற்கக்கூடும்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது மேலும் பொருந்தும். வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் ஆனபின், சோதனைக்கு உட்பட்டுத்தான் புதுப்பிக்கப்படும். உத்தியோக மாற்றலில் ஊர் ஊராகச் செல்வோரின் வண்டி இவ்வாறு அதிகாரிகளின் பார்வைக்குப் பலமுறை வரும். ஓர் ஊரில் பட்டறைக்காரர் ‘பரவாயில்லை’ என்று செய்து கொடுத்தது, அடுத்த ஊரில் வண்டியையே முடக்கிவிடக்கூடும்.

இடத்துக்கு ஏற்பப் பராமரிப்பும் மாறுபடும் என்பதையும் கவனிக்க வேண்டும். மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் உப்புக்காற்று பட்டைகளை அரிக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் துருவைப் பார்த்துவிடுங்கள். மேகாலயத்திலும் அருணாசலத்திலும் பட்டைகளுக்கிடையே புகுந்த சேறு காய்ந்து இறுகிவிடும். ஒவ்வொரு நெடும் பயணத்துக்குப் பின்பும் அடிப்புறத்தை நீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். இராஜஸ்தானத்து மணலில் டயர்க் காற்றைக் குறைத்துச் செல்வோர், கெட்டிச் சாலை ஏறியவுடன் மீண்டும் நிரப்பத் தவறக் கூடாது. குடகிலும் மூணாறிலும் தோட்டப் பாதைகளில் பாரத்தோடு சரிந்து செல்ல நேர்வதால், அங்கே உயரம் குறைந்த நிலையே பாதுகாப்பு. பெங்களூரின் வேகத்தடைகளுக்கு ஏற்ற மருந்து நல்ல புஷ்களும், சரியான காற்றும், பிரேக்கின்மேல் வைத்த காலுமே.

பட்டறைக்குச் செல்லும்போது, ‘வண்டியை உயர்த்திக் கொடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘இத்தனை பேர் அமர்கிறோம், இத்தனை கிலோ ஏற்றுகிறோம், இத்தகைய சாலையில் ஓட்டுகிறோம், காலியாக இருக்கும்போது உயரம் இது, பாரத்தோடு இது’ என்று நீங்கள் குறித்து வைத்த தாளைக் காட்டுங்கள். பட்டை வில்லைப் பற்றி நன்கறிந்த தொழிலாளிகள் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை ஓரங்களில் எங்கும் இருக்கின்றனர். அவர்கள் மொழி நமக்குச் சரளமாக வராமல் இருக்கலாம். ஆனால் எண்கள் எல்லா மொழிக்கும் பொது. நம் தேவையை அளவாகச் சொன்னால், அவர்களும் அளவாகச் செய்து தருவார்கள்.

பழைய வண்டியை வைத்துக் காப்பது ஒரு நல்ல பண்பு. அதைச் செய்தவர்கள் கணக்கிட்டு அமைத்த சமநிலையை முதலில் மீட்டுத் தருவதே நாம் அதற்குச் செய்யும் பெரிய உதவி. அதன்பின் தேவை இருந்தால், வில்லையும் ஷாக் அப்ஸார்பரையும் ஒன்றுக்கொன்று இணையாகத் தேர்ந்து மாற்றுங்கள். எதிர்ப்படுவோர் கண்ணுக்கு அந்த வண்டி முன்போலவேதான் தோன்றும். பின்னிருக்கையில் அமர்ந்து வரும் தாயாருக்கு மட்டும் வேறுபாடு தெரியும். அவர் முதுகைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்குவார்.